தோலிலும் ரெக்சினிலும் அலங்காரம்: வீட்டில் முதல்முறை செய்பவர்களுக்கு

எதிர் வீட்டுப் பெண் போன ஆடி மாதம் ஒரு கறுப்புக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, போஸ்டர் கலர்ல மயில் போட்டேன். ரெண்டே நாள்ல உதிர ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். மயிலின் கழுத்து நன்றாக வந்திருந்தது. தோகை மட்டும் பொருக்குப் பொருக்காகக் கிளம்பியிருந்தது. நான் பையைத் திறந்து உள்மடிப்பில் வெட்டு ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணி, அதன்மேல் மெல்லிய கறுப்புப் படலம். கடைக்காரர் அவளிடம் "ஒரிஜினல் லெதர்" என்று சொல்லி விற்றிருக்கிறார். அவள் கையில் எந்தக் குறையும் இல்லை. எதன்மேல் வரைகிறோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள் நான். இப்போது ஆந்திராவில் குப்பம் என்ற ஊரில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் கன்னடம் என்று மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் ஊர். கர்நாடகத்தில் பிறக்கும் பாலாறு எங்கள் பக்கம் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் ஊர்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில்தான். ஜோலார்பேட்டையில் ரயில் மாறினால் அரை நாளில் போய்த் துண்டுத் தோல் வாங்கி வந்துவிடலாம். அதனால் தோல் எனக்குப் பழகிய பொருள். பழகாதவர்களுக்கு எது எது தெரிய வேண்டுமோ அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெட்டு ஓரம்

பெயின்ட், பிரஷ் எல்லாம் வாங்குவதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குச் சுலபமான வழி வெட்டு ஓரத்தைப் பார்ப்பது. பையின் உள்மடிப்பு, பெல்ட்டின் துளை, செருப்புப் பட்டை முடியும் இடம், இதில் ஏதாவது ஒன்றில் ஓரம் தெரியும்.

ஓரம் முழுக்க நார் நாராக, பஞ்சு மாதிரி தெரிந்தால் நிஜத் தோல். கீழே நெய்த துணியோ பின்னல் துணியோ, மேலே பிளாஸ்டிக் படலமோ தெரிந்தால் செயற்கைத் தோல். கீழே தோல்தூளை ஒட்டி அழுத்திய அட்டை மாதிரி இருந்து, மேலே படலம் இருந்தால் அது பாண்டட் லெதர். இந்த மூன்றாவது வகையில் உழைப்பைப் போடாதீர்கள். அலங்காரம் நன்றாக ஒட்டினாலும், அடியில் இருக்கும் படலமே உரிந்து அலங்காரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

செயற்கைத் தோலிலும் இரண்டு உண்டு. ஒன்று பி.யு., அதாவது பாலியூரித்தேன் படலம். தொட்டால் மென்மையாக, நிஜத் தோல் மாதிரி மடியும். பெரும்பாலான கைப்பைகள் இப்போது இதில்தான் வருகின்றன. இன்னொன்று பி.வி.சி. தடியாக, குளிர்ச்சியாக, புதிதில் பிளாஸ்டிக் வாடையோடு இருக்கும். ஆட்டோ சீட்டிலும் சோபாவிலும் போடுவது பெரும்பாலும் அது. ரெக்சின் என்று நாம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பெயர், முதலில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். பொருள் மாறியும் பெயர் ஊர் ஊராக நின்றுவிட்டது.

நிஜத் தோலில் தெரிய வேண்டியது, எப்படிப் பதனிட்டது என்பது. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் மரப்பட்டை இவற்றில் ஊறிப் பதமான தோல் ஒரு வகை. வெட்டு ஓரம் முழுக்கப் பழுப்பாக இருக்கும். இதைத்தான் வியாபாரிகள் 'வெஜ்' என்பார்கள். ஆவாரம்பட்டையில் பதனிடும் பழைய முறைத் தோலுக்கு 'ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர்' என்று பெயர், தமிழ்நாட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. இன்னொரு வகை குரோமியம் உப்பில் பதனிட்டது. பதனிட்ட உடனே அது இளநீலமாக இருக்கும், அதனால் 'வெட் புளூ' என்பார்கள். சாயம் போட்ட பிறகும் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் அந்த நீலச் சாம்பல் கோடு பல சமயம் தெரியும். கடையில் கிடைக்கும் பை, பர்ஸ், ஷூ பெரும்பாலும் குரோம் தோல்தான்.

அப்புறம் தண்ணீர்ச் சொட்டு. ஒரு சொட்டு விட்டால் உறிஞ்சி இடம் கறுத்தால் மேற்பூச்சு இல்லாத தோல், சாயம் ஏறும். சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, சாயம் ஏறாது, பெயின்ட்தான் வழி.

தீ வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். ஓரத்தைப் பார்த்தாலே தெரிவதற்கு நெருப்பு எதற்கு?

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: மேற்பூச்சு இல்லாத வெஜ் தோலில் அச்சு, செதுக்கு, சாயம், பெயின்ட், தையல் எல்லாம் நடக்கும். குரோம் தோலில் பெயின்ட், துளைவேலை, தையல் நடக்கும், அச்சு நிற்காது. பி.யு.விலும் பி.வி.சி.யிலும் பெயின்ட், துளைவேலை, பார்த்துப் பார்த்துத் தையல், அவ்வளவே. சாயமும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

என்ன வாங்க வேண்டும்

ஆன்லைனில் ஐம்பது உருப்படி உள்ள கருவிப் பெட்டி விற்கிறார்கள். முதல் மாதத்துக்கு அது தேவையில்லை. நல்ல கட்டர் ஒன்று, இரும்பு ஸ்கேல், வட்டத் துளை போடும் பஞ்ச் இரண்டு அளவில், குத்தூசி, மொட்டை முனை ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல், ரப்பர் பசை. அடிப்பதற்கு மரக் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் பஞ்சின் தலையைக் கெடுத்துவிடும். குத்தூசியும் மெழுகு நூலும் எங்கே கிடைக்கும் என்று பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கேளுங்கள். நின்று பத்து நிமிடம் அவர் கை போகும் வழியைப் பார்த்தால் வீடியோவில் கிடைக்காத பாடமும் கிடைக்கும்.

தோல் முழுதாக வாங்கினால் சதுர அடிக் கணக்கு, துண்டாக வாங்கினால் கிலோக் கணக்கு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலும், சென்னையில் பெரியமேட்டிலும் கேட்கலாம். "வெஜ் துண்டு, மேற்பூச்சு போடாதது" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். துண்டு பொறுக்கும்போது தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, கழுத்துச் சுருக்கம் இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அது உயிரோடு திரிந்த மாட்டின் அடையாளம். தழும்பைச் சுற்றி ஒரு கொடி போட்டால் அந்தத் துண்டுதான் எல்லாவற்றிலும் அழகாக இருக்கும்.

பெயின்ட் வேலை: பழைய கைப்பையில் தொடங்குங்கள்

புதுப் பையில் கை வைக்க வேண்டாம். வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய பையை எடுங்கள். முதலில் மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்போ பொருக்கோ தெரிந்தால் வேறு பை எடுங்கள். பி.யு. படலம் காற்றிலுள்ள ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதையும். உரியத் தொடங்கியதை எந்தப் பெயின்ட்டும் பிடித்து நிறுத்தாது.

லேசான சோப்புத் தண்ணீரில் துணியை முக்கி, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். காய விடுங்கள். அடுத்ததாகப் பளபளப்பை எடுக்க வேண்டும், எதிர் வீட்டுப் பெண்ணின் மயில் உதிர்ந்ததற்கு இதைச் செய்யாததும் ஒரு காரணம். பூச்சு உள்ள நிஜத் தோலுக்கு அசிட்டோன். பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் துடைத்தால் பஞ்சில் நிறம் வரும், தோலின் மினுப்பு மங்கும். அங்கே நிறுத்துங்கள். செயற்கைத் தோலுக்கு அசிட்டோன் கூடவே கூடாது, படலம் கரைந்து பிசுபிசுக்கும். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் ஒரே ஒரு தடவை லேசாகத் துடைத்தால் போதும். எதுவானாலும் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். சமையலறையில் இதைச் செய்ய வேண்டாம், அசிட்டோனும் ஸ்பிரிட்டும் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கோடு போடக் கறுப்புப் பையென்றால் வெள்ளைச் சாக்பீஸ் அல்லது தையல்காரரின் சாக், வெளிர் நிறமென்றால் மெல்லிய பென்சில். பால்பாயின்ட் பேனாவை எடுக்காதீர்கள். பி.வி.சி.யில் அந்த மை உள்ளே இறங்கிப் பரவும், மேலே பெயின்ட் அடித்தாலும் சில நாளில் ஊறி மேலே வரும்.

பெயின்ட் அக்ரிலிக்காக இருக்க வேண்டும். தோலுக்கென்றே விற்கும் அக்ரிலிக் கிடைத்தால் அதுதான் நல்லது, மடிந்தாலும் வெடிக்காது. கிடைக்காவிட்டால் சாதாரண அக்ரிலிக்கில் ஃபேப்ரிக் மீடியம் (துணியில் வரையப் பெயின்ட்டோடு கலக்கும் திரவம்) கலந்துகொள்ளலாம். போஸ்டர் கலர் தண்ணீர் பட்டால் கரையும். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் விறைத்து வெடிக்கும், பி.வி.சி.யில் சில நேரம் காயாமலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே தடவையில் தடியாக அப்புவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. தண்ணீர் மோர் பதத்துக்குப் பெயின்ட்டை இளக்கி, மெல்லிய பூச்சாக நான்கு ஐந்து தடவை கொடுங்கள். முதல் பூச்சில் அடி நிறம் தெரியும், மனம் தளர வேண்டாம், மூன்றாவதில் மூடும். கறுப்பின்மேல் மஞ்சள், சிவப்பு போடுவதென்றால் அந்த உருவத்துக்கு மட்டும் முதலில் வெள்ளைப் பூச்சு கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் பாசிபிடித்த மாதிரி நிற்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் பதினைந்து இருபது நிமிடம். சித்திரை வெயிலில் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும், காலையில் சீக்கிரம் உட்காருங்கள். ஐப்பசி மழையில் இரண்டு மடங்கு நேரம் காத்திருங்கள். அவசரத்துக்கு ஹேர் டிரையரைச் சூடாக வைத்துச் செயற்கைத் தோலில் காட்டாதீர்கள், படலம் இளகிச் சுருங்கும்.

என்ன வரைவது? மடியாத இடத்தில் வரைவது முக்கியம். பட்டை, மூடி மடியும் கோடு, ஜிப்பை ஒட்டிய இடம் எல்லாம் ஓயாமல் வளைகிற இடங்கள். நடுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். உருவம் வரையப் பயமாக இருந்தால் கோலம் போடுங்கள். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடத் தெரிந்த கைக்கு வேறு பயிற்சி தேவையில்லை. வெள்ளைக் கோடு கறுப்புப் பையில் மார்கழி வாசல் மாதிரியே இருக்கும். எங்கள் பக்கத்தில் பலர், துணியில் கையால் வரையும் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியின் கிளி, மாங்காய், கொடி இவற்றை எடுத்துப் போடுகிறார்கள். அதுவும் கறுப்புக் கோட்டை நம்பி நிற்கும் வேலை என்பதால் தோலில் அழகாக உட்காரும்.

வரைந்து முடித்து ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு வரைந்ததைக் காக்கும் மேற்பூச்சான அக்ரிலிக் ஃபினிஷரை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். பளபளப்பும் கிடைக்கும், மங்கலும் கிடைக்கும். எனக்கு மங்கல்தான் பிடிக்கும், கைவேலை கைவேலையாகவே தெரியும். அப்புறம் ஒரு வாரம் அதை மடிக்காமல், எதனோடும் ஒட்டாமல் வையுங்கள். முதல் தடவை நான் ஆறு பர்ஸ் வரைந்து, தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி, நடுவில் செய்தித்தாள் வைத்து அடுக்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஆறிலும் செய்தித்தாள் எழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது. மேலே காய்ந்ததும் உள்ளே காய்ந்ததும் ஒன்றல்ல.

வெஜ் தோலில் அச்சு

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். தோல் ஈரத்தில் மண் மாதிரி நெகிழ்ந்து, காய்ந்ததும் நாம் அழுத்தியதை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள மாட்டுத் தோல் துண்டு எடுங்கள். மெல்லிய ஆட்டுத் தோலில் அச்சு ஆழமாக விழாது.

ஸ்பான்ஜை நனைத்து இரண்டு பக்கமும் சீராகத் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் சொட்ட விட்டால் அங்கே கறை நிற்கும். நனைத்ததும் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு மணி நேரமாவது வையுங்கள், ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் நல்லது. எடுத்து வெளியில் வைத்தால் மெல்லப் பழைய நிறம் திரும்பும். நிறம் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது, ஆனால் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது என்றால் அதுதான் பதம். அதற்கு முன்னால் அடித்தால் அச்சு மூடிக்கொள்ளும், பிறகு அடித்தால் பதியாது.

அடியில் அசையாத கல் வேண்டும். எங்கள் ஊரில் கிரானைட் பட்டறை நிறைய, வெட்டி எறிந்த துண்டு ஒன்று கேட்டால் கொடுப்பார்கள். அச்சுக்குக் கருவி வாங்காமலே தொடங்கலாம். ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றின் தலையில் அரத்தால் குறுக்குக் கோடு போட்டால் ஓர் அச்சு. பித்தளைக் குழாயின் முனை ஒரு வட்டம். பழைய பித்தளைச் சாவியின் தலை இன்னொன்று. செங்குத்தாகப் பிடித்து, கொட்டாப்புளியால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் உருவம் இரட்டையாகத் தெரியும். முதலில் ஒரு சின்னத் துண்டில் வரிசையாக முப்பது அடி அடித்துக் கை பழக்குங்கள். அந்தத் துண்டையே நீளவாக்கில் வெட்டிப் புத்தகக் குறியாக வைத்துக்கொள்ளலாம்.

பெயர் எழுத வேண்டுமென்றால் எழுத்தச்சு இல்லாமலும் முடியும். எழுத்தை மெல்லிய தாளில் எழுதித் தோல்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு இழுங்கள். தாளை எடுத்துவிட்டு அதே கோட்டின்மேல் ஸ்பூன் காம்பின் முனையால் மறுபடி மறுபடி அழுத்தினால் எழுத்து இறங்கும். நம் எழுத்தின் சுழி இதற்கென்றே பிறந்த மாதிரி வரும். 'ழ' ஒன்று போட்டுப் பாருங்கள்.

போல்ட் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈரமான வெஜ் தோலில் சாதாரண இரும்பு பட்டால் கறுப்பு விழும், போகாது. பதனிட்ட பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அதைக் கறையாகப் பார்க்காமல் மையாகவே பயன்படுத்தலாம்.

இரும்பில் செய்யும் கறுப்பு

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காய வைக்கிறார்கள். அதன்மேல், இரும்புத் துண்டும் வெல்லமும் பல நாள் ஊறிய நீரைத் தொட்டு, கலம் எனும் மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பார்கள். தொட்ட இடம் கறுக்கும். கடுக்காயின் டானின்தான் இரும்போடு சேர்கிறது. பட்டையில் பதனிட்ட தோலுக்குள் அந்த டானின் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் நமக்குப் பாதி வேலை தோல் பதனிடும் இடத்திலேயே முடிந்துவிட்டது.

வீட்டில் இதைச் சமையல் வினிகரில் செய்யலாம். துருப்பிடிக்காமலிருக்கப் போடும் பூச்சோ எண்ணெயோ இல்லாத இரும்பு ஆணி ஒரு கைப்பிடி, அல்லது ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்) ஒரு உருண்டை. ஸ்டீல் வுல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் போக்குங்கள். கண்ணாடி ஜாடியில் போட்டு மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே வாயு உண்டாகும், இறுக்கினால் ஜாடி வெடிக்கும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், அந்த வாயு ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். ஒரு வாரம், ஆணியென்றால் இரண்டு வாரம் கழித்துத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஜாடிமேல் என்ன என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தோலின்மேல் முதலில் கெட்டியான தேயிலை டிகாஷனைப் பூசினால் கறுப்பு இன்னும் ஆழமாக வரும், தேயிலையிலும் டானின் உண்டு. அது காயும் முன்னே இரும்பு நீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். முதலில் சாம்பல், பிறகு நீலம் கலந்த கறுப்பு என்று கண் முன்னாலேயே மாறும். நான் இதை எத்தனையோ தடவை செய்துவிட்டேன், இன்னும் அந்த ஒரு நிமிடம் வேறு எங்கும் பார்க்கத் தோன்றாது. அரை மணி நேரம் கழித்து, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து அதைத் துடைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் துடையுங்கள். புளிப்பு தங்கினால் தோல் நாளடைவில் மொறுமொறுத்துப் போகும். நிழலில் காய்ந்ததும் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் சாம்பல் மங்கல் போய்க் கறுப்பு தெளியும். அதிகம் ஊற்ற வேண்டாம், பிசுக்கு நிற்கும்.

மஞ்சள் தூளில் சாயம் போடலாமா என்று கேட்கிறார்கள். ஏறும், அழகாகவும் இருக்கும், வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். நிலையான நிறம் வேண்டுமென்றால் தோலுக்கான ஸ்பிரிட் சாயம் வாங்குங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்ச வினிகர், சாயக் கழிவை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோல் கழிவு கலந்த கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அளவுக்கு அது போயிருந்தது. நம் வீட்டு ஜாடி சின்னதுதான், ஆனாலும் தேவைக்கு மட்டும் கலந்து கடைசிச் சொட்டுவரை பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது. மிஞ்சியதைப் பழந்துணியில் ஊற வைத்துக் காய விட்டுக் குப்பையில் போடுங்கள்.

துளைவேலை

தர்மவரம் பக்கத்து நிம்மலகுண்டாவில் தோலு பொம்மலாட்டப் பாவை செய்கிறார்கள். அந்த ஊரின் தளவாயி சலபதி ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆட்டுத் தோலைச் சுரண்டி வெளிச்சம் ஊடுருவும்படி ஆக்கி, நகை, சேலைக் கரை எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துளையாகவே போடுவார்கள். விளக்கு பின்னால் வந்ததும் ஒட்டியாணமும் கிரீடமும் மினுக்கும். நம் ஊர்த் தோற்பாவைக் கூத்துக்கும் இதே மரபுதான்.

நம் பர்ஸுக்குப் பின்னால் விளக்கு வராது, பட்டுத் துணி வரலாம். பழைய பட்டுப் புடவைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் வரைந்த தாளைத் தோலின் பின்பக்கத்தில் ஒட்டி, துளை போடும் பஞ்சால் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குத்துங்கள். துளைக்கும் துளைக்கும் நடுவில் குறைந்தது ஒரு துளையின் அகலம் இருக்கட்டும், நெருங்கினால் கிழியும். பெரிய துளை நடுவில், சின்னத் துளை சுற்றி என்று போட்டால் பூ வந்துவிடும். பிறகு துளைகளைச் சுற்றி ரப்பர் பசையை மெல்லத் தடவி, துணியிலும் தடவி, இரண்டும் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் துளை வழியே பசை பிதுங்கும். துளை வேலையைக் குரோம் தோலிலும் ரெக்சினிலும் செய்யலாம். ரெக்சினில் பின்துணி நூல் பிரியும், அதனால் பஞ்ச் நல்ல கூராக இருக்க வேண்டும்.

தையலும் ஓரமும்

ஓரத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு. அதில் நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு துளை. தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல், இரண்டு முனையிலும் ஊசி. முதல் துளையில் நூலைச் சரிபாதியாக இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைய வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் நிற்கும். மெஷின் தையலில் அந்த வசதி இல்லை.

ரெக்சினை மெஷினில் தைப்பவர்கள் தையல் நீளத்தை மூன்றரை, நான்கு மில்லிமீட்டராக வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் தபால் தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசி குத்திப் பிடிக்காதீர்கள், போட்ட ஓட்டை மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும். மெஷின் கால் ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் நடுவில் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள்.

ஓரம்தான் வேலையின் சுத்தத்தைக் காட்டும். வெஜ் தோலென்றால் ஓரத்தை நீரில் தொட்டு, தடித்த காடாத் துணியால் வேகமாகத் தேயுங்கள், கண்ணாடி மாதிரி மினுக்கும். குரோம் தோல் அப்படி மினுக்காது, அதற்கு ஓரப் பெயின்ட் உண்டு. ரெக்சினை உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வது

தோலை வெயிலில் காய வைக்காதீர்கள், எண்ணெய் வற்றி வெடிக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைக்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் அதற்குள் பூசணம் பிடிக்கும். பழைய காட்டன் பையோ தலையணை உறையோ போதும். பூசணம் வந்துவிட்டால் வெளியில் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, காற்றாடும் நிழலில் இரண்டு நாள் வையுங்கள்.

எதிர் வீட்டுப் பெண்ணின் பையை அந்த வாரமே இரண்டு பேரும் உட்கார்ந்து துடைத்து, பழைய மயிலைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தேய்த்து மறுபடி தொடங்கினோம். தோகைக்கு ஐந்து பூச்சு ஆனது. தீபாவளிக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போனாள். இப்போது வெஜ் தோல் துண்டு வேண்டுமாம். அடுத்த முறை வாணியம்பாடி போகும்போது இரண்டு கிலோ வாங்கி வர வேண்டும், ஒன்று அவளுக்கு.